இரண்டாவது ஸ்லாட்

ஜூலை 4

அன்புள்ள பம்பரத்துக்கு,

(இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் பிரித்துப் படிக்கப்போகும் வார்டன் அம்மாவுக்கும் என் வணக்கம். இதில் சினிமாவும் இல்லை, ரகசியமும் இல்லை. தைரியமாகப் படிக்கலாம்.)

உன் ஹாஸ்டலில் போனுக்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அப்பாவின் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். "பெற்றோரா?" என்று ஒரு குரல் கேட்டது. "தோழி" என்றேன். டக்கென்று வைத்துவிட்டார்கள். நம் வகுப்பில் உன் இடத்தில் இப்போது ஒரு பெண் உட்காருகிறாள். நல்லவள்தான். ஆனால் காலை ஆட்டாமல் உட்காருகிறாள். பெஞ்சு அசையாததால் எனக்கு எழுத்தே ஓடவில்லை.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நாம் பரிசாக ஜெயித்த மடிக்கணினிக்கு என்னவோ ஆகிவிட்டது.

விடுமுறை முழுக்க நான் அதை அவ்வளவாகத் திறக்கவில்லை. போன வாரம் அறிவியல் உறைவிடப் பள்ளித் தேர்வுக்கு விண்ணப்பம் போடத்தான் திறந்தேன். பெயரைத் தட்டினால் எழுத்து ஒவ்வொன்றாக, வரலாமா வேண்டாமா என்று யோசித்து வருகிறது. தேர்வை வீட்டிலிருந்தே எழுத வேண்டும், கேமரா வழியாக நம்மைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள் என்பது உனக்கும் தெரியும். அதற்கான செயலியைப் போட்டு மாதிரித் தேர்வைத் தொடங்கினேன். மூன்றாவது கேள்வியில் திரை உறைந்துபோனது. என் முகம் வாயைத் திறந்தபடி ஒரு மூலையில் அப்படியே நின்றது. பிறகு ஒரு பெட்டி வந்தது: 'எட்டு ஜிபி ரேம் தேவை. உங்கள் கணினியில் இருப்பது நான்கு.'

தேர்வு ஆகஸ்ட் 9. இன்னும் முப்பத்தாறு நாள். என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். "நீ நடக்கறதுல கீழ் வீட்டு லைட்டு ஆடுதாம்" என்கிறார் அம்மா.

நூலகத்திலிருந்து கணினி பழுதுபார்ப்பு பற்றி ஒரு புத்தகம் எடுத்துவந்திருக்கிறேன். பாதிப் பக்கத்தில் யாரோ எண்ணெய்க் கையால் புரட்டிய தடம். ரேம் என்பது கணினியின் மேசை மாதிரியாம். மேசை சின்னதாக இருந்தால் ஒரு நோட்டை மூடி வைத்துவிட்டுத்தான் இன்னொன்றைத் திறக்க முடியும். ஆகவே மேசையைப் பெரிதாக்கினால் போதும், புது மடிக்கணினி வேண்டாம். நான்கு ஜிபி துண்டு ஒன்றை வாங்கி நானே பொருத்தலாம் என்று இருக்கிறேன். அப்பாவிடம் சொன்னேன். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க லிப்ட் ஓட்டுகிறவர், இயந்திரம் என்றால் பயப்பட மாட்டார் என்று நினைத்தேன். "நீ பிரிச்சுப் போட்டுடுவ. அப்புறம் முறத்துல அள்ளிட்டுப் போறது யாரு?" என்கிறார்.

வாரம் ஒருவராக வைத்துக்கொண்டோமே, ஏப்ரலில் நீ கிளம்புவதற்கு முந்தைய வாரம் அது உன் முறை. அப்போது நன்றாக ஓடியதா? யோசித்துச் சொல்.

இன்னொன்று. உன் விண்ணப்ப எண் என்ன? இரண்டு பேரும் ஒரே நாளில் போடுவதாகப் பேச்சு. நீ ஒரு வார்த்தை எழுதவில்லை.

பதிலுக்காகத் தபால்காரரை மிரட்டிக்கொண்டிருக்கும்,
அகராதி

•

ஜூலை 8

அன்புள்ள அகராதிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. வார்டன் அம்மா கொடுக்கும்போது உதட்டை இறுக்கிக்கொண்டு சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரிந்தது. உனக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்.

இங்கே எனக்குக் கதவோரக் கட்டில். போகிற வருகிற எல்லோரும் என் காலில் இடித்துவிட்டு "சாரி" சொல்கிறார்கள். ஒரு நாளைக்கு நாற்பது சாரி. உணவு மணி, படிப்பு மணி, விளக்கணைக்கும் மணி என்று மணிக்கு மணி ஒரு மணி. பம்பரம் என்று எனக்குப் பெயர் வைத்தவள் நீ. இங்கே வந்து பார், சாட்டையே இல்லாமல் சுற்றுகிறேன்.

மடிக்கணினி என்னிடம் இருந்தபோது நன்றாகத்தான் ஓடியது என்று நினைக்கிறேன். சரியாக நினைவில்லை. பெட்டி கட்டும் அவசரம். அது பழசுடி. நமக்குப் பரிசாகக் கொடுக்கும்போதே ஏதோ அலுவலகத்தில் உழைத்து ஓய்ந்தது. அதன் அடியில் 147 என்று ஸ்டிக்கர் இருக்கிறதே, நூற்று நாற்பத்தாறு பேர் பயன்படுத்தியது என்று நீதானே சொல்வாய். வயதானால் மெதுவாகத்தான் போகும்.

நீயே திறக்க வேண்டாம். புத்தகத்தில் போட்டிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது இன்னொன்று. ஏதாவது ஒடிந்தால் உள்ளதும் போய்விடும். பள்ளியில் கேட்டு வேறு கணினியில் எழுதப் பார். திறக்காதே.

என் விண்ணப்பத்தில் அப்பா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. "பாக்கலாம் பாக்கலாம்" என்கிறார். மாற்றல் வந்ததிலிருந்து அவர் சொல்வது இந்த ஒரு வார்த்தைதான். கடைசி நாளுக்கு இன்னும் நேரம் இருக்கிறதே.

படிப்பு மணி அடிக்கிறது.

ஓடுகிறேன்,
பம்பரம்

•

ஜூலை 13

அன்புள்ள பம்பரத்துக்கு,

நீ திறக்காதே என்று எழுதிய கடிதம் வந்த அன்றே திறந்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. அதற்கு உனக்கு நேரமே இருக்காது, நான் சொல்லப்போவதைக் கேள்.

முதலில் மின்கம்பியை எடுத்தேன். பிறகு பேட்டரியைக் கழற்றினேன். பவர் பொத்தானைச் சும்மா அழுத்திப் பிடித்தேன், உள்ளே மிச்சம் மீதி மின்சாரம் இருந்தால் போய்விடுமாம். நம் உடம்பிலும் நமக்குத் தெரியாமல் கொஞ்சம் மின்சாரம் இருக்குமாம். ஆகவே ஜன்னல் கம்பியை ஒரு நிமிடம் தொட்டுக்கொண்டு நின்றேன். "யாருக்கு டாட்டா காட்டற?" என்று அப்பா கேட்டார். திருகாணிகளை ஒரு தாளில் படம் வரைந்து, அந்தந்த இடத்திலேயே வைத்தேன். மூடியை நகத்தால் நெம்பியதும் 'டப்' என்றது.

உள்ளே ரேம் துண்டைச் செருகும் ஸ்லாட் இரண்டு. ஒன்றில் பச்சையாக ஒரு துண்டு, ஒரு விரல் நீளம். இன்னொன்று காலி.

புத்தகம், காலி ஸ்லாட் இருந்தால் அதிர்ஷ்டம் என்கிறது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் உற்றுப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. எல்லா இடத்திலும் மெல்லிய தூசி. காலி ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் மட்டும், அதே விரல் நீளத்துக்கு, துடைத்துவிட்டது போலச் சுத்தமாக இருந்தது. பூச்சட்டியை நகர்த்தினால் தரையில் தெரியுமே, அப்படி.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு ரிப்பேர் அக்காவிடம் போனேன். ஜனவரியில் மடிக்கணினியின் விசிறி சத்தம் போட்டபோது நாம் கொண்டுபோனோமே, வணிக வளாகத்தில் படிக்கட்டின் கீழே கடை, அவரிடம்தான். அக்கா ஏதோ ஒரு கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். "பாரு பாப்பா, தட்டினா ஒரு வேளைச் சாப்பாடே விழுது" என்று சிரித்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். உடனே நீல நோட்டைப் புரட்டினார். அவர் திறக்கும் ஒவ்வொரு கணினியையும் அதில் எழுதிவைப்பாராம். '147, விசிறி சுத்தம், ரேம் 4+4.'

"ரெண்டு இருந்துச்சே பாப்பா" என்றார்.

பம்பரம், எனக்குக் காது அடைத்துவிட்டது. அப்பா கேட்டார், "ரெண்டு இருந்துச்சுனா இன்னொண்ணு எங்கம்மா?"

"எனக்கெப்படி சார் தெரியும்? நான் ரெண்டையும் வச்சுத்தான் மூடினேன்."

"உங்களைத் தவிர யாரும் தொறக்கலையே."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வேற யாருமே தொறக்கலையா?" அக்கா அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

நான் சொன்னேன்: "நிச்சயமா இல்ல. அது ரெண்டே வீட்டுலதான் இருந்துச்சு. எங்க வீட்டுல, இல்லேனா என் ஃப்ரெண்டு வீட்டுல. நீங்கதான் கடைசியா தொறந்தீங்க."

அப்பாவின் குரல் உயர்ந்துவிட்டது. லிப்டில் கூட்டம் ஏறும்போது "எட்டு பேர்தான், எட்டு பேர்தான்" என்று கத்துவாரே, அந்தக் குரல். கடைக்கு வந்திருந்த இரண்டு பேர் தங்கள் பொருளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வளாகத்தின் உரிமையாளரிடம் புகார் எழுதிக் கொடுக்கப்போவதாக அப்பா சொன்னார். அக்கா நோட்டை மூடி அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். திருடியவர் எதற்காக 4+4 என்று எழுதிக் காட்ட வேண்டும் என்று எங்கள் வீட்டுப் படிக்கட்டில் ஏறும்போது ஒரு நொடி தோன்றியது. கோபத்தில் அதைத் தள்ளிவிட்டேன்.

ஒரு அறிவியல் மாணவி இப்படித்தான் முடிவுக்கு வர வேண்டும், இல்லையா? நான் எடுக்கவில்லை, நீ எடுக்கவில்லை, மீதி இருப்பது ஒருவர்தான்.

கோபத்தோடு எழுதும்,
அகராதி

•

ஜூலை 17

அன்புள்ள அகராதிக்கு,

கடிதம் கிடைத்தது. ரிப்பேர் அக்காவை விட்டுவிடு. சின்னப் பொருள்தானே, எங்காவது விழுந்திருக்கும். புகார் கிகார் எல்லாம் வேண்டாம் என்று உன் அப்பாவிடம் சொல். சொல்வாயா? கட்டாயம் சொல்.

இங்கே மூன்று நாளாக மழை. துணி காயவில்லை. எனக்குக் கால் சுளுக்கு, மாடிப்படியில் ஓடினேன். கணக்கு டீச்சர் நல்லவர். வேறு ஒன்றும் இல்லை.

தேர்வு ஒன்பதாம் தேதி காலையா, மாலையா?

பம்பரம்

•

ஜூலை 22

அன்புள்ள பம்பரத்துக்கு,

உன் கடிதம் ஒரு விரற்கடைகூட இல்லை. சுளுக்கு காலில்தானே, கையில் இல்லையே? தேர்வு காலை பத்து மணிக்கு. ஆனால் நீ அதைக் கேட்பானேன்? உனக்கும் அதே மணிதானே! 25ஆம் தேதியோடு விண்ணப்பம் முடிகிறது. உன் அப்பா கையெழுத்துப் போட்டாரா இல்லையா? இதற்கு மட்டும் நேரான பதில் எழுது.

இனி என் வீரப் பிரதாபம். ரிப்பேர் அக்காவிடம் போக முடியாதல்லவா, அதனால் பேருந்து நிலையத்துக்கு எதிரே பழைய கணினிச் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். "நாலு ஜிபி ரேம்" என்று கேட்டேன். என்ன கணினிக்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து ஜன்னல் கம்பியைத் தொட்டு, திருகாணிகளைக் கழற்றி, எல்லாச் சடங்கும் முடித்துத் துண்டை ஸ்லாட்டின் அருகே கொண்டுபோனால், அது ஸ்லாட்டைப்போல இரண்டு மடங்கு நீளம்! மேசைக் கணினிக்கு உள்ளதாம். "கட்டிலைத் தூக்கிட்டு வந்து தொட்டில்ல போடப் பாக்கிற" என்று அப்பா சிரித்தார். அந்த வாரத்தில் எங்கள் வீட்டில் யாராவது சிரித்தது அப்போதுதான்.

அடுத்த நாள் பழைய துண்டையே கையில் எடுத்துக்கொண்டு போய், இதே நீளம், இதே இடத்தில் வெட்டு என்று காட்டி மாற்றி வாங்கினேன். அந்தச் சின்ன வெட்டுதான் முக்கியம். தலைமுறைக்குத் தலைமுறை அது இடம் மாறுமாம். வேறு தலைமுறைத் துண்டு நீளத்தில் ஒன்றாக இருந்தாலும் உள்ளே போகாது.

சாய்வாகச் செருகி, மெல்ல அழுத்தினேன். மூடினேன். பவர். விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு. பீப், பீப், பீப். அவ்வளவுதான். மறுபடி பவர், மறுபடி மூன்று பீப். அம்மா மருந்துக் கடையிலிருந்து அப்போதுதான் வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு செருப்போடு அப்படியே நின்றார். நான் அழவில்லை. கொஞ்சம்தான் அழுதேன். பிறகு புத்தகத்தில் எண்ணெய்த் தடம் பட்ட பக்கத்தைத் திரும்பப் படித்தேன். இரண்டு பக்கக் கொக்கியும் 'கிளிக்' என்று விழ வேண்டுமாம். ஒன்றுதான் விழுந்திருந்தது. உடைந்துவிடுமோ என்று பயந்து பயந்து அழுத்தியதால் வந்த வினை. எடுத்து, திரும்பச் செருகி, மூச்சைப் பிடித்து அழுத்தினேன். கிளிக். இன்னொரு கிளிக்.

எட்டு ஜிபி! மாதிரித் தேர்வு முழுவதும் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. நானே செய்தேன், பம்பரம். நீ பக்கத்தில் இருந்திருந்தால் குதித்துக் குதித்து மேசையைக் கவிழ்த்திருப்பாய்.

ஒரு விஷயம் மட்டும் சரியாக இல்லை. உன் கடிதம் வருவதற்குள் அப்பா புகாரைக் கொடுத்துவிட்டார். வளாகத்துக்காரர் மாதக் கடைசிக்குள் விளக்கம் எழுதித் தரும்படி அக்காவைக் கேட்டிருக்கிறாராம், திருப்தி இல்லையென்றால் கடையைக் காலி செய்யச் சொல்வாராம். நேற்றுப் பள்ளியிலிருந்து வரும்போது பார்த்தேன். கடையில் யாரும் இல்லை. அக்கா வேலை பார்க்கும் விளக்கை அணைக்காமல், வெறும் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார். என் கோபம் நியாயம்தான். இருந்தும் நான் எதிர்ப்பக்கம் தாண்டிப் போனேன். ஏன் தாண்டினேன் என்று தெரியவில்லை.

நேரான பதிலுக்குக் காத்திருக்கும்,
அகராதி

•

ஜூலை 26

அகராதிக்கு,

இந்த உறையைத் தொட்டதுமே தெரிந்திருக்கும். பஞ்சுக்குள் இருப்பது அதுதான்.

நான்தான் எடுத்தேன்.

ஜனவரியில் அக்கா மூடியைத் திறந்தபோது டார்ச் பிடித்தது நான். ஒரே மாதிரி இரண்டு துண்டு பக்கத்தில் பக்கத்தில் இருந்ததைப் பார்த்தேன். அப்போது ஒன்றும் நினைக்கவில்லை. ஏப்ரலில் நாங்கள் கிளம்புவதற்கு முன் உன் அப்பாவும் என் அப்பாவும் உங்கள் வாசலில் நின்று பேசினார்கள். "ஹாஸ்டல்ல இதெல்லாம் விடமாட்டாங்க, இங்கயே இருக்கட்டும்" என்றார் உன் அப்பா. "ஆமாமா, இருக்கட்டும்" என்றார் என் அப்பா. நாம் இருவரும் சேர்ந்து ஜெயித்தது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. நீ செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாய்.

அந்த வாரம் என் முறை. அப்பாவின் மூக்குக்கண்ணாடித் திருப்புளியால் கழற்றினேன். உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று, அவ்வளவுதான் கணக்கு என்று தோன்றியது. எடுத்த பிறகு போட்டுப் பார்த்தேன், திரை வந்தது. ஒன்றும் குறையவில்லை என்று மூடி உங்கள் வீட்டில் கொடுத்துவிட்டேன். அது என்ன வேலை செய்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. என் ஜியோமெட்ரி பெட்டியில் வைத்திருந்தேன். படிப்பு மணியில் சில சமயம் தொட்டுப் பார்ப்பேன்.

உன் முதல் கடிதம் வந்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அன்றைக்கே அனுப்பியிருக்கலாம். 'ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டேன்' என்று இரண்டு வரி போதும். நீ என்னைத் திட்டிவிட்டுச் சிரித்திருப்பாய். ஏன் எழுதவில்லை என்பதுதான் நான் சொல்ல வேண்டியது. திருடியதைவிட அது மோசம்.

அப்பா கையெழுத்துப் போட மாட்டார். "பாக்கலாம்" என்பதெல்லாம் நான் உனக்காக எழுதியது. ஜூன் மாதமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இன்னொரு ஊர், இன்னொரு ஹாஸ்டல் எல்லாம் முடியாதாம். ஆகவே நீ தனியாகப் போவாய். அங்கே யாராவது உன் பக்கத்தில் உட்காருவார்கள். கணினி ஓடாவிட்டால் உன்னாலும் எழுத முடியாது என்று தோன்றியது. எழுத முடியாமலே போனால் நன்றாக இருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஒரு நிமிடம் என்று எழுதுவது பொய். உன் கடிதம் வந்தது 7ஆம் தேதி. இன்றைக்கு 26. பத்தொன்பது நாள்.

அதற்குள் அக்கா மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு நாளும் நாளைக்கு எழுதலாம் என்று நினைப்பேன். சுளுக்கு என்று எழுதினேனே, சுளுக்கும் இல்லை ஒன்றும் இல்லை. அவர் வெறும் மேசையைத் துடைத்தார் என்று நீ எழுதியதைப் படித்த பிறகுதான் இந்தத் தாளை எடுத்தேன்.

இதை உன் அப்பாவிடம் காட்டு. வளாகத்துக்காரரிடமும் காட்டு. யாரிடம் வேண்டுமானாலும் காட்டு.

வார்டன் அம்மா இந்தக் கடிதத்தைப் படித்தார். உட்காரச் சொன்னார். உறையை ஒட்டாமல் என்னிடமே கொடுத்து, "நீயே ஒட்டு" என்றார்.

பம்பரம்

•

ஆகஸ்ட் 11

பம்பரத்துக்கு,

'அன்புள்ள' என்று இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் அடித்துவிட்டேன். அடித்ததோடு அனுப்ப மனமில்லை, வேறு தாள் எடுத்தேன்.

உன் கடிதம் 29ஆம் தேதி வந்தது. மாதம் முடிய இரண்டு நாள். அப்பா ஆஸ்பத்திரியில் வேலையில் இருந்தார். நேராக அங்கே போய் லிப்டில் ஏறிக்கொண்டேன். கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே என்று ஆறு தடவை போனோம். ஒவ்வொரு மாடியிலும் ஆள் ஏறும், நான் வாயை மூடிக்கொள்வேன். ஆள் இறங்கும், மீதியைச் சொல்வேன். கடைசியில் அப்பா லிப்டை நிறுத்திக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, "நான் அந்தப் பொம்பளையை என்னென்ன பேசிட்டேன்" என்றார். கதவு மூடாததால் லிப்ட் கீச்கீச் என்று கத்திக்கொண்டே இருந்தது.

அன்று மாலையே வளாகத்துக்காரரிடம் போனோம். புகார் தவறு, பொருள் எங்களிடமே கிடைத்துவிட்டது என்று அப்பா எழுதிக் கொடுத்தார். பிறகு படிக்கட்டின் கீழே போனோம். நான் மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். அங்கே போனதும் ஒரு வாக்கியம்கூட முழுசாக வரவில்லை.

அக்கா சொன்னார்: "நீ கண்டுபிடிச்சுட்டு வருவேன்னு நெனச்சேன் பாப்பா. உங்கப்பா வருவாருன்னு நெனைக்கல."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் தலையைக் குனிந்து நான் பார்த்ததில்லை, வீட்டு வாசல் நிலையில் இடிக்கும்போதுகூட.

நீ அனுப்பிய துண்டை அக்கா விளக்கின் கீழே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேறொரு கணினியில் போட்டுச் சோதித்தார். "நல்லாத்தான் இருக்கு. எங்க கெடந்து வந்துச்சோ, பொழச்சுக்கிச்சு" என்றார். அதை அவரே வைத்துக்கொள்ளும்படி சொன்னேன். "எனக்கெதுக்கு? என்னோடதா அது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

யார் எடுத்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உன் கடிதத்தை அப்பாவைத் தவிர யாரிடமும் காட்டவில்லை.

நேற்று முன்தினம் தேர்வு. மடிக்கணினி ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை. தடுமாறியது நான்தான். ஒரு கேள்வியில் ஒரு தண்டவாளத்தில் இரண்டு ரயில் எதிரெதிரே வந்தன, எங்கே சந்திக்கும் என்று. பத்தொன்பது நாள், பத்தொன்பது நாள் என்றே மனம் ஓடியது. அதையும் கடைசிக் கேள்வியையும் விட்டுவிட்டேன். மற்றவை சரி என்று நினைக்கிறேன். முடிவு செப்டம்பரில் வரும்.

நான் உன்னிடம் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. ஆனால் இரண்டும் உண்மை.

ஒன்று. வாசலில் நம் அப்பாக்கள் பேசியபோது என் செருப்பு வார் சரியாகத்தான் இருந்தது. நிமிர்ந்தால் உன் முகத்தைப் பார்க்க வேண்டிவரும், பார்த்தால் "அவளையும் கேளுங்கப்பா" என்று சொல்ல வேண்டிவரும். மடிக்கணினி என்னிடம் இருக்கட்டும் என்று எனக்கு ஆசை. அதனால் குனிந்துகொண்டேன். நீ பாதியை எடுத்தாய். நான் முழுவதையும் எடுத்துக்கொண்டேன், திருப்புளிகூட இல்லாமல்.

இரண்டு. துண்டை நீ கேட்டிருந்தால் நானே கழற்றித் தந்திருப்பேன். அதைப் பற்றி எனக்குக் கோபம் இல்லை. நான் போகக்கூடாது என்று நீ நினைத்ததைக்கூட, கொஞ்சம் கொஞ்சமாக, யோசித்து யோசித்துப் புரிந்துகொள்கிறேன். ஆனால் அக்காவின் பெயர் கெட்டுக்கொண்டிருந்தபோது நீ மழை பெய்கிறது, துணி காயவில்லை என்று எழுதினாய். அந்த வரி மட்டும் எனக்கு ஜீரணமாகவில்லை. நானும் அவர் முகத்துக்கு நேரே 'நிச்சயமா' என்று சொன்னவள்தான். ஆகவே உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. எனக்கு இருப்பது ஒரு நிபந்தனை.

காலாண்டு விடுமுறைக்கு உன் அப்பா உன்னை இங்கே உன் அத்தை வீட்டுக்கு அனுப்புவார் என்று கேள்விப்பட்டேன். வந்தால் முதலில் எங்கள் வீட்டுக்கு வராதே. கடைக்குப் போ. அக்கா காலை பத்து மணிக்குத் திறக்கிறார், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. படிக்கட்டின் கீழே நுழையும்போது குனிந்து போ, நெற்றியில் இடிக்கும். கூட்டம் இருந்தால் காத்திரு. இப்போது மறுபடியும் கொஞ்சம் கூட்டம் வருகிறது. நீயே சொல். எல்லாவற்றையும் சொல்ல வேண்டாம். நம் இரண்டு பேருக்குள் உள்ளது நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும். எடுத்தது நீ என்பதை மட்டும் சொல். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் சொல்லாமலும் இருக்கலாம்.

அதுவரை எனக்குக் கடிதம் வேண்டாம். எந்த நாள் வருகிறாய் என்று மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போடு.

கடையிலிருந்து எங்கள் வீட்டுக்கு எத்தனை நிமிடம் என்பது உனக்குத் தெரியும். அங்கே உனக்கு எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை. அன்றைக்கு முழுக்க நான் எங்கும் போக மாட்டேன்.

அகராதி